கிருஷ்ணராஜ சாகர்: நீர்மட்ட எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள்

மைசூரு: தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தமிழகத்தின் காவிரி டெல்டா மாவட்டங்களில் நாள்தோறும் கவனிக்கப்படும் எண்களில் ஒன்று, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டம். முழு உயரம் 124.80 அடி. நீர்வரத்து எத்தனை ஆயிரம் கனஅடி, திறப்பு எவ்வளவு, அந்நீர் பிலிகுண்டுலுவைக் கடந்து மேட்டூருக்கு எப்போது வந்து சேரும் என்ற வரிசையில் செய்தி நகரும். குறுவைக்கு நாற்று விடலாமா என்ற முடிவே சில ஆண்டுகளில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

ஆனால், அது ஒரு நிலப்பரப்பின் கணக்கும்கூட. நீர்மட்டம் ஓர் அடி உயரும்போது, ஒரு காலத்தில் வயலாகவும் ஊராகவும் இருந்த நிலத்தின் இன்னொரு பகுதி மறைகிறது. ஓர் அடி குறையும்போது, அணைக்குக் கீழே வேறெங்கோ ஒரு கரும்புத் தோட்டத்தின் முறைப்பாசனம் கேள்விக்குறியாகிறது. காவிரிப் பிரச்சினை இரு மாநிலங்களின் தகராறாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அணை கட்டப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களை அது எவ்வாறு மாற்றியது என்பது தமிழ் வாசகர்களுக்கு அதிகம் சொல்லப்படாத பகுதி.

மூன்று ஆறுகள் கூடும் இடம்

மைசூரு நகரிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது கண்ணம்பாடி கிராமம். குடகு மலையிலிருந்து வரும் காவிரியும், சிக்கமகளூரு மலைப்பகுதியில் பிறந்து ஹாசன் வழியாக வரும் ஹேமாவதியும், குடகின் தெற்கே தோன்றி ஹுன்சூர் வழியாக ஓடிவரும் லட்சுமண தீர்த்தமும் இப்பகுதியில் ஒன்றுகூடுகின்றன. மூன்று ஆறுகளின் நீரையும் ஒரே சுவரால் தடுத்து நிறுத்தக்கூடிய இடம் இது. ஆகவே பொறியாளர்களின் பார்வை இவ்வூர்மீது விழுந்ததில் வியப்பில்லை.

அவர்களுக்கு முன்பே வேறொருவரின் பார்வையும் விழுந்திருந்தது. 1794ஆம் ஆண்டைச் சேர்ந்த, திப்பு சுல்தானின் பாரசீகக் கல்வெட்டு ஒன்று அணைப் பணியின்போது கண்டெடுக்கப்பட்டது. காவிரியின் குறுக்கே அணை ஒன்றுக்கு அவர் அடித்தளம் இட்டதைக் கூறும் அக்கல்வெட்டு, அணையின் நுழைவாயில் அருகே வைக்கப்பட்டுள்ளது. இன்றைய அணைக்கும் அந்த அடித்தளத்துக்கும் என்ன தொடர்பு என்பது கர்நாடக அரசியலில் அவ்வப்போது சூடான விவாதமாகிறது.

அணைக்கு முன்பும் இவ்வட்டாரம் முற்றிலும் வறண்டதாக இருந்ததில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி, மைசூரு உடையார்கள் காலத்துக் கல்லணைகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் ஆற்றங்கரை ஊர்களுக்கு நெல் தந்தன. ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்தின் தீவுகள்கூட 17ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அத்தகைய கற்கட்டு ஒன்றினால் உருவானவையே. ஆனால் கரையைவிட்டுச் சற்று விலகினால் நிலைமை வேறு. ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் செம்மண் மேட்டுநிலம் அது. கேழ்வரகு, கொள்ளு, சோளம், ஏரி நிறைந்த ஆண்டில் மட்டும் சிறிது நெல் என்பதே மண்டியா பக்கத்து விவசாயியின் வாழ்வாக இருந்தது.

மின்சாரத்துக்காகவும் ஓர் அணை

இன்று பாசன அணையாகவே அறியப்படும் கிருஷ்ணராஜ சாகர் கட்டப்பட்டதற்கு மின்சாரமும் ஒரு முக்கியக் காரணம். மைசூரு சமஸ்தானம் 1902ஆம் ஆண்டு சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலிந்தது. சுரங்கங்களுக்கோ ஆண்டு முழுவதும் சீரான மின்சாரம் தேவைப்பட்டது. நீரைத் தேக்கி வைத்து விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா அணைத் திட்டத்தை முன்னெடுத்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஒப்புதல் அளித்தார். 1911இல் பணி தொடங்கியது. சிமெண்ட் அல்ல, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கி சாந்துதான் கற்களைப் பிணைத்தது. ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுவர் முழுமையடைய 1930களின் தொடக்கம் வரை ஆனது.

இத்தனை ஆண்டுகள் ஆனதற்குப் பொறியியல் மட்டும் காரணமல்ல. 1892ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, காவிரியில் புதிய அணை கட்ட மைசூருக்குச் சென்னை மாகாணத்தின் இசைவு தேவை. மைசூரு கேட்டது 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. மேட்டூரில் தானே அணை கட்டத் திட்டமிட்டிருந்த சென்னை மறுத்தது. இந்திய அரசு 11 டி.எம்.சி. அளவுக்கு மட்டும் அனுமதி தந்தது. மைசூரு அரசோ, முழு உயர அணைக்குத் தேவையான அகலத்திலேயே அடித்தளத்தை இட்டது. பின்னாளைய வழக்குகளின் முதல் விதை அந்த அடித்தளத்திலேயே இருந்தது எனலாம். 1914இல் நடுவராக இருந்த கிரிஃபின் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. சென்னை மேல்முறையீடு செய்தது. இறுதியில் 1924 பிப்ரவரி 18ஆம் தேதி இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்று அணையின் கொள்ளளவு 49.45 டி.எம்.சி.

மூழ்கியதும் மீண்டதும்

சுவர் உயர உயர, அதன் மேற்கே நீர் பரவியது. முழுமையாக நிரம்பும்போது சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்பு நீருக்கடியில் செல்கிறது. அணைக்குப் பெயர் தந்த கண்ணம்பாடியும், அதைச் சுற்றியிருந்த பல கிராமங்களும் அவ்வாறு மறைந்தன. மேட்டில் குடியேறியவர்கள் தங்கள் ஊருக்கு ஹொச கண்ணம்பாடி, அதாவது புதுக் கண்ணம்பாடி, என்று பெயரிட்டனர்.

பெயரை எடுத்துச் செல்ல முடிந்தது. நிலத்தை முடியவில்லை. ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் பயிர் செய்தவருக்கு மேட்டுநிலம் புதிய தொழிலுக்குச் சமம். எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் எதை விதைப்பது என்ற அறிவு தலைமுறைகளாகச் சேர்ந்தது. மண் மாறினால் அதில் பெரும்பகுதி பயனற்றுப் போகும். ஏரியும் வாய்க்காலும் ஊருக்கு ஊர் செல்லும் பாதையும், மணவுறவு கொண்ட ஊர்களுக்கிடையே இருந்த தொலைவும் மாறின. முன்பு ஆற்றைக் கடந்தால் போய்ச் சேரக்கூடிய அக்கரை ஊருக்கு, நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று.

கண்ணம்பாடியின் கதையில் மிகவும் அறியப்பட்டது அதன் வேணுகோபால சுவாமி கோயில். ஹொய்சாளர் காலத்தைச் சேர்ந்த இக்கோயிலின் மூலவர் சிலை, நீர் ஏறுவதற்கு முன்பே மேட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கற்கோயில் அங்கேயே விடப்பட்டது. பல பத்தாண்டுகள் நீருக்கடியில் கிடந்த அது, கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் மட்டும் தலைகாட்டியது. பின்னர் பெங்களூருவைச் சேர்ந்த கோடே அறக்கட்டளை அதைக் கல்லுக்குக் கல் குறியிட்டுப் பிரித்தெடுத்து, ஹொச கண்ணம்பாடியில் நீர்க்கரையோரம் மீண்டும் எழுப்பியது. நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது கோயிலின் மதிலருகே அலை அடிப்பதைக் காண வார இறுதிகளில் மைசூருவிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கூட்டம் வருகிறது.

தமிழக வாசகருக்கு இக்காட்சி புதிதல்ல. மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவது நாளிதழ்களில் வழக்கமான படம். ஹேமாவதியின் குறுக்கே கோரூரில் கட்டப்பட்ட அணையின் நீர்ப்பரப்பில் ஷெட்டிஹள்ளி தேவாலயம் கூரையின்றி நிற்கிறது. ஒரே ஆற்றுப் படுகையில் இத்தனை வழிபாட்டிடங்கள் நீருக்குள் இருக்கின்றன. கல்லால் கட்டியதால் அவை எஞ்சின. அவற்றைச் சுற்றியிருந்த மண்சுவர் வீடுகள் முதல் சில மழைக்காலங்களிலேயே கரைந்திருக்கும். அவை மீண்டும் தலைகாட்டப் போவதில்லை.

கால்வாய்க் கோட்டின் இருபுறம்

அணையின் மேற்கே நிலம் மறைந்தது என்றால், கிழக்கே நிலம் புதிதாகப் பிறந்தது. இடது கரையிலிருந்து புறப்படும் கால்வாய், ஹுலிகெரே அருகே குன்றைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மண்டியா மேட்டுநிலத்துக்குள் நுழைகிறது. அப்போதைய வைஸ்ராயின் பெயரால் இர்வின் கால்வாய் எனப்பட்ட அது, பின்னர் விஸ்வேஸ்வரய்யா கால்வாய் ஆயிற்று.

நீர் வந்ததும் கேழ்வரகு வயல்கள் நெல் வயல்களாயின. நெல்லோடு கரும்பு வந்தது. மைசூரு அரசின் வேளாண்மை இயக்குநராக இருந்த கனடா நாட்டு அறிவியலாளர் லெஸ்லி கோல்மன் முன்னின்ற முயற்சியால் மண்டியாவில் மைசூரு சர்க்கரை ஆலை 1930களின் முற்பகுதியில் தொடங்கப்பட்டது. 1939இல் மைசூரு மாவட்டத்திலிருந்து மண்டியா தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கால்வாய் ஒரு மாவட்டத்தையே உருவாக்கியது என்பது மிகையல்ல. வேலை தேடி வந்தவர்களில் தமிழர்களும் இருந்தனர். மண்டியா நகரில் இன்றும் தமிழ்க் காலனி என்றே ஒரு குடியிருப்பு உண்டு.

கால்வாய் நீரோடு கொசுவும் வந்தது. புதிய பாசனப் பகுதிகளில் மலேரியா பெரும் தொல்லையாயிற்று. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் மைசூரு அரசு மலேரியா ஆய்வும் கட்டுப்பாட்டுப் பணிகளும் மேற்கொண்டது. வளம் வந்த அதே வாய்க்காலில் காய்ச்சலும் வந்ததை அணையின் பெருமை பேசும் நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

கால்வாய் என்பது வரைபடத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே இருக்கும் நிலத்துக்கு நீர் பாயும். மேலே இருக்கும் நிலத்துக்குப் பாயாது. இரண்டு ஊர்களுக்கிடையே சில அடி உயர வித்தியாசம் இருந்தால் போதும், அவற்றின் எதிர்காலம் பிரிந்துவிடும். அது எவ்வாறு பிரிகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர் ஸ்கார்லெட் எப்ஸ்டைன். வியன்னாவில் பிறந்து பிரிட்டனில் பயின்ற இந்த மானுடவியலாளர், 1954 முதல் 1956 வரை மண்டியா வட்டாரத்து இரு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். ஊர்ப்பெயர்களை மறைத்து, வங்கலா, தலேனா என்று அவற்றுக்குப் பெயரிட்டார். வங்கலா கால்வாய் நீர் பெற்ற ஊர். தலேனா மேட்டில் இருந்ததால் பெறாத ஊர்.

அவர் கண்டது பலரும் எதிர்பார்த்ததற்கு மாறானது. நீர் கிடைத்த வங்கலாவில் வருமானம் உயர்ந்தது. ஆனால் ஊரின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. எல்லோரும் முன்புபோல் விவசாயிகளாகவே நீடித்தனர். முன்பைவிட வசதியான விவசாயிகள், அவ்வளவே. நிலவுடைமைக் குடும்பங்களுக்கும் அவர்களிடம் பரம்பரையாக வேலை செய்த தலித் குடும்பங்களுக்கும் இடையிலான பழைய பிணைப்பும், தானியமாகத் தரப்படும் கூலியும் தொடர்ந்தன. நீர் கிடைக்காத தலேனாவிலோ மக்கள் ஊருக்கு வெளியே பார்க்கத் தொடங்கினர். சிலர் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தனர். சிலர் மாட்டுவண்டியில் வியாபாரம் செய்தனர். சிலர் ஒப்பந்தப் பணிகள் எடுத்தனர். வசதியுள்ளோர் பக்கத்து ஊர்களில் நன்செய் நிலம் வாங்கினர். தொழில் மாறியதும் ஊருக்குள் இருந்த உறவுகளும் அதிகார வரிசையும் தளர்ந்தன. 1962இல் வெளியான அவரது நூல், வளர்ச்சி ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

1970இல் எப்ஸ்டைன் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்றார். இரண்டிலும் செல்வம் கூடியிருந்தது. இரண்டிலும் ஏழைகளுக்கும் வசதி படைத்தோருக்கும் இடையிலான இடைவெளியும் கூடியிருந்தது. நீர் யார் வயலுக்குப் பாய்கிறது என்பதைப் போலவே, வயல் யாருடையது என்பதும் பயனைத் தீர்மானிக்கிறது.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிலும் எல்லோரும் சமமல்லர். கால்வாயின் தலைப்பகுதியில் இருப்பவர் கரும்பும் நெல்லும் தாராளமாகப் பயிரிட, கடைமடையில் இருப்பவர் முறை வருமா என்று காத்திருக்கிறார். மத்தூர், மளவள்ளி பகுதிக் கடைமடை விவசாயிகளின் குறை, நாகப்பட்டினத்துக் கடைமடை விவசாயியின் குறையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. இரு மாநிலப் போராட்டங்களின் இரைச்சலில் இந்த ஒற்றுமை காதில் விழுவதில்லை என்பதே வருத்தம். மைசூரு பக்கத்து ஊர்களுக்கோ, அணை தங்கள் அருகிலேயே இருந்தும், வலது கரையிலிருந்து செல்லும் வருணா கால்வாயின் நீர் பல பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது.

அணையின் அடிவாரத்தில், திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் உருவான பிருந்தாவன் தோட்டத்தைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. பழைய தமிழ்ப் படங்களின் பாடல் காட்சிகளில் அதன் நீரூற்றுகளைப் பார்க்காதவர் குறைவு.

ஏக்கரில் எழுதப்பட்ட ஒப்பந்தம்

1924 ஒப்பந்தத்தின் தனித்தன்மை ஒன்றை இங்கு கவனிக்க வேண்டும். அது நீரை மட்டும் பேசவில்லை; நிலத்தையும் அளந்தது. கிருஷ்ணராஜ சாகரின் கீழ் மைசூரு புதிதாகப் பாசனம் செய்யக்கூடிய பரப்பு 1,25,000 ஏக்கர். மேட்டூரின் கீழ் சென்னை மாகாணம் புதிதாகப் பாசனம் செய்யக்கூடிய பரப்பு 3,01,000 ஏக்கர் என வரையறுத்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதாவது எந்த ஊர் கேழ்வரகில் நிற்கும், எந்த ஊர் நெல்லுக்கு மாறும் என்பதற்கு மேல்வரம்பு ஒரு காகிதத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டது.

ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் 50 ஆண்டுகளுக்குப் பின், 1974இல், மறுபரிசீலனைக்கு வந்தபோது அந்த எழுத்தே சிக்கலாயிற்று. மேல்பகுதியில் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி அணைகள் வந்தன. கர்நாடகத்தின் பாசனப் பரப்பு விரிந்தது. 1990 ஜூன் 2ஆம் தேதி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1991இல் அது பிறப்பித்த இடைக்கால உத்தரவு, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீரை உறுதிசெய்ததுடன், கர்நாடகம் தன் பாசனப் பரப்பை 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிக்கக் கூடாது என்றும் கூறியது. 2007 இறுதித் தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யாகவும், 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 177.25 டி.எம்.சி.யாகவும் அமைந்தது.

மழை போதுமான ஆண்டுகளில் இந்த எண்கள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அணை நிரம்பினால் கர்நாடக முதல்வர் அணைக்கு வந்து, முறத்தில் மங்கலப் பொருள்கள் வைத்து ‘பாகின’ சமர்ப்பிக்கிறார். உபரிநீர் தானாகவே மேட்டூருக்கு வருகிறது. மழை பொய்த்தால், 2023இல் நடந்ததுபோல, மண்டியாவில் சாலை மறியலும் தஞ்சையில் கருகிய பயிருமாகக் காட்சி மாறுகிறது.

யானைகளுக்குக் கிடைத்த புல்வெளி

மைசூரு மாவட்டத்தின் தென்மேற்கே, ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், 1974இல் முடிந்த கபினி அணை நிலத்தை வேறு விதமாக மாற்றியது. இங்கும் கிராமங்கள் மூழ்கின. காட்டை நம்பி வாழ்ந்த பழங்குடியினரும் இடம்பெயர்ந்தனர். காட்டு யானைகளை விரட்டிப் பிடிக்கும் ‘கெட்டா’ நடந்த காகனகோட்டைக் காட்டின் பகுதிகளும் நீருக்குள் சென்றன. கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது.

அதன்பின் நிகழ்ந்ததைத் திட்டமிட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோடையில் கபினி நீர் வடியும்போது, சேற்று நிலத்தில் பசும்புல் முளைக்கிறது. நாகரஹொளே, பந்திப்பூர் காடுகள் காய்ந்து கிடக்கும் அம்மாதங்களில் யானைக் கூட்டங்கள் அப்புல்லையும் நீரையும் தேடி வருகின்றன. ஆசிய யானைகள் மிகுதியாகக் கூடும் இடங்களில் ஒன்றாகக் கபினிக் கரை அறியப்படுகிறது. யானைகளைப் பிடித்த இடம் யானைகளைப் பார்க்க வரும் இடமாயிற்று. சுற்றுலா விடுதிகள் பெருகின. முன்பு அங்கே ஊர் இருந்தது என்பதைப் படகில் செல்லும் பயணிகளில் பலர் அறிய மாட்டார்கள்.

மூன்றாவது பங்குதாரர்

கிருஷ்ணராஜ சாகரின் நீர்மட்டத்தை மண்டியாவும் தஞ்சாவூரும் மட்டும் கவனித்த காலம் மாறிவிட்டது. மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்திலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீர் குழாய்கள் வழியே மேடேறி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவை அடைகிறது. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக அளித்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. அந்நகரின் குடிநீருக்காகவே ஒதுக்கப்பட்டது.

2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரை வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. அதனால் பயன்பெறுவன பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்கள். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அவை கிராமங்களாக இருந்தவை. இன்று அங்கே இருப்பவை அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும். அவற்றின் பழைய ஏரிகளில் பல சுருங்கிவிட்டன. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் அக்குடியிருப்புகளும் இப்போது 124.80 அடி என்ற எண்ணைச் செய்திகளில் தேடுகின்றன.